ஆவடியில் உருவான ரோபோ

ரோபோ என்றதும் 'எந்திரன்' சிட்டிதான் பலருக்கும் ஞாபகம் வரும். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஒரு ரோபோ உருவானது தெரியுமா? அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

'ரோபோ' என்ற சொல், செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-ல் எழுதிய நாடகத்தில் பிறந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்தான் அதற்கு மூலம். முதல் தொழிற்சாலை ரோபோவுக்கும் யாரும் விரும்பாத வேலைதான் கிடைத்தது. ஜார்ஜ் டெவால் கண்டுபிடித்து, ஜோசப் ஏங்கல்பெர்கர் தொழிலாக வளர்த்த 'யூனிமேட்', 1961-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது. அச்சில் வார்த்த சூடான உலோகத் துண்டுகளை எடுத்து வைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலைப் பக்கம் போனவர்களுக்கு அந்தச் சூடு எப்படி இருக்கும் என்று தெரியும்!

ரோபோவின் முக்கிய பாகங்களை யூனிமேட்டை வைத்தே புரிந்துகொள்ளலாம். அதன் தசை, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக். மூளை, ஒரு காந்த உருளை. கையை ஒருமுறை நகர்த்திக் காட்டினால் ஒவ்வொரு நிலையும் உருளையில் பதியும். பிறகு அதையே சலிக்காமல் திரும்பச் செய்யும். ஆனால் கண் இல்லை. எடுக்க வேண்டிய பொருள் ஒரு சாண் தள்ளியிருந்தால் வெறும் காற்றைத்தான் பிடிக்கும்.

அந்தக் கண் வந்த பிறகு என்ன ஆனது என்பதற்கு ஆவடியே சாட்சி. அங்குள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் (சி.வி.ஆர்.டி.இ.) 2017-ல் 'முந்த்ரா' என்ற ஆளில்லா வாகனத்தைக் காட்சிக்கு வைத்தது. பி.எம்.பி.-2 கவச வண்டிதான் அதன் உடல். ரேடார், கேமரா, லேசர் தூரமானி ஆகியவை கண்கள். கண்காணிக்க ஒன்று, கண்ணிவெடி தேட ஒன்று, அணுக்கதிர்வீச்சு மற்றும் கிருமி அபாயமுள்ள இடத்தில் உளவறிய ஒன்று என மூன்று வகைகள். மனிதர் தொலைவில் இருந்தபடி ஓட்டுவார். "அப்படியென்றால் அது ரிமோட் கார்தானே?" என்று கேட்கலாம். பாதி உண்மைதான்! ஆனால் வெடி வெடித்தால் உள்ளே ஆள் இல்லை என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அபாயம் எல்லையில் மட்டுமா? பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்தும் சாவுகள் நிற்கவில்லை. இதற்காக சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'ஹோமோசெப்' 2022-ல் களத்துக்கு வந்தது. தொட்டியின் சிறிய வாய் வழியே ஒரு தண்டு இறங்கும். உள்ளே போனதும் அதன் பிளேடுகள் குடைபோல் விரிந்து, அடியில் இறுகிய கசடைக் கலக்கிவிடும். பிறகு குழாய் வழியே உறிஞ்சி எடுத்துவிடலாம்.