லண்டன்: நகர எல்லையும் நிலத்தின் விலையும்

மையத்துக்கு வேலைக்குப் போய்வர ஆகும் செலவும், சுற்றியுள்ள விளைநிலத்தின் மதிப்பும் சேர்ந்தே ஒரு நகரத்தின் எல்லையைத் தீர்மானிக்கின்றன. மையத்தை விட்டு விலக விலகப் பயணச் செலவு ஏறும். அதை ஈடுகட்டும் அளவுக்கு மனை விலை இறங்கும். வீட்டுக்காக ஒருவர் தரத் துணியும் தொகை, பயிரிடுபவர் தரக்கூடிய தொகைக்குச் சமமாக இறங்கும் இடத்தில் நகரம் நின்றுவிடும். விளைநிலங்களுக்காக ஜெர்மானியரான வான் தூனென் 1826இல் வகுத்த இக்கணக்கை, 1964இல் வில்லியம் அலோன்சோ நகர மனைகளுக்கு விரித்தார்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல என்பதற்கு லண்டன் சான்று. ‘சிட்டி’ எனப்படும் அதன் பழைய மையத்தில் 1851இல் சுமார் 1,28,000 பேர் குடியிருந்தனர். 1901இல் எஞ்சியவர்கள் சுமார் 27,000 பேர். அங்கே வேலைகள் அருகிவிடவில்லை, பெருகவே செய்தன. அலுவலகங்கள் தந்த விலையைக் குடும்பங்களால் தர இயலவில்லை. வெளியேற ரயில் வழி தந்தது. உலகின் முதல் நிலத்தடி ரயில் 1863இல் அங்கேதான் ஓடியது. ஆயினும் கட்டணம் எட்டாதவரை ஏழைக்குத் தண்டவாளத்தால் பயனில்லை. தொழிலாளருக்குக் குறைந்த கட்டண வண்டிகளை விடுமாறு கம்பெனிகளைப் பணித்த 1883ஆம் ஆண்டுச் சட்டத்தை, வீட்டுவசதிச் சட்டம் என்றே கருத வேண்டும். எட்மன்டன், வால்தம்ஸ்டோ போன்ற புறநகர்கள் தொழிலாளர் குடியிருப்புகளாக நிறைந்ததில் மலிவுக் கட்டணத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

மக்கள் பெருகினால் நகரம் விரியத்தானே செய்யும் என்பர். உண்மைதான்; ஆனால் அது பாதி விளக்கமே. இரு உலகப் போர்களுக்கு இடையே லண்டனின் மக்கள்தொகை ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. கட்டடப் பரப்போ ஏறக்குறைய இரு மடங்கானது. மின்ரயிலும் பஸ்ஸும் தொலைவைச் சுருக்கின. விவசாயம் நொடித்திருந்ததால் நிலம் மலிவாகக் கிடைத்தது. 1932க்குப் பின் வட்டியும் தாழ்ந்தது. மெட்ரோபாலிட்டன் ரயில்வே தன் பாதையோர நிலங்களில் வீட்டுமனைத் திட்டங்களையே வளர்த்தது. பயணச் சீட்டும் மனையும் ஒரே சரக்கின் இரு பாகங்கள் என்பதை அந்தக் கம்பெனி நன்கு அறிந்திருந்தது.

லண்டனைச் சுற்றியுள்ள நிலத்தில் கட்டடங்கள் பரவாமல் தடுக்க 1938இல் தொடங்கிய பசுமை வளையச் சட்டங்களைக் காட்டி, எல்லையை வகுப்பது விலையல்ல, அரசே என்று மறுக்கலாம். வளையம் வயல்களைக் காத்தது. அது சிறிய நன்மையல்ல. ஆனால் மையத்தை நாடும் தேவையை அது குறைக்கவில்லை. கட்ட அனுமதி பெற்ற நிலத்துக்கும் வயலுக்கும் இடையே விலை பல மடங்கு வேறுபட்டது. அந்த வேறுபாட்டின் சுமை வாடகைக்குக் குடியிருப்போர் மீதே விழுந்தது. பலர் வளையத்தைத் தாண்டிப் போய், ரெடிங்கிலிருந்தும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரைட்டனிலிருந்தும்கூட லண்டனுக்கு வேலைக்கு வருகிறார்கள்.