விலாசச் சீட்டின் வரலாறு

சித்தூருக்கு அருகே கங்காதர நெல்லூர் என்றோர் ஊர் உளது. அதன் பெயரில் பின்பாதியை மட்டும் ஒருவர் உறைமேல் எழுதிவிட்டால், கடிதம் பென்னாற்றங்கரையிலுள்ள வேறொரு நெல்லூருக்குச் சென்றுவிடக் கூடும். நெல் விளையும் ஊர் என்று பொருள் கொள்ளத்தக்க பெயரை நம் முன்னோர் ஓரிடத்துக்கு மட்டுமே சூட்டவில்லை. ஆகவே, ஓர் ஊரை மற்றோர் ஊரினின்று பிரித்துக் காட்டும் பொறுப்பு, உறைமேல் ஒட்டப்படும் சிறு சீட்டைச் சார்ந்ததாகிறது. இச்சீட்டின் வரலாறு நாம் எண்ணுவதினும் நெடியது.

ஒரே வாசகத்தைப் பல பிரதிகள் அச்சிட்டு, ஆளுக்கு ஆள் மாறும் பகுதிக்கு மட்டும் வெற்றிடம் விடுவதே படிவத்தின் தத்துவம். ஐரோப்பாவில் நகரும் அச்செழுத்துக் கலை தோன்றிய காலத்திலேயே இத்தத்துவமும் தோன்றிவிட்டது. சைப்ரஸ் தீவைத் துருக்கியரிடமிருந்து காக்கப் பொருள் வழங்கியோர்க்குக் கிறிஸ்தவத் திருச்சபை பாவமன்னிப்புச் சீட்டுகள் அளித்தது. பெற்றவர் பெயரும் ஊரும் நாளும் பின்னர்க் கையால் எழுதப்பட்டன. அவற்றுள் ஒன்றில் 1454 அக்டோபர் 22 என்ற தேதி காணப்படுகிறது. அவ்வகை அச்சில் நாள் குறிக்கப்பெற்று இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது ஒரு நூலன்று, நிரப்பிய படிவமே என்பது வியப்புக்குரியது.

அடுத்த படி, பல சீட்டுகளை ஒரே தாளில் அச்சிட்டு வேண்டியதை மட்டும் பிரித்தெடுப்பது. இதற்கு வழிகாட்டியது தபால் தலை. 1854-இல் கல்கத்தாவில் அச்சான இந்தியத் தபால் தலைகளுக்கு ஓரத் துளைகள் இல்லை. கத்தரிக்கோலால் வெட்டியே எடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் துளையிட்ட தலைகள் வழக்குக்கு வந்தன. ஹென்றி ஆர்ச்சர் என்பவர் 1847 முதல் அம்முயற்சியில் ஈடுபட்டிருந்தார். தாள் முழுதும் கெடாமல் ஒன்றை மட்டும் எடுக்கலாம் என்பது அன்று பெரிய வசதியாயிற்று.

எனினும், தலைகள் யாவும் ஒரே மாதிரியானவை; விலாசங்களோ ஒவ்வொன்றும் வேறு. இந்தச் சிக்கலை அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் ஸ்மித் டங்கன் தீர்க்க முயன்றார். அவருடைய 'அட்ரஸோகிராப்' இயந்திரம் 1896-இல் காப்புரிமை பெற்றது. பின்னர் வளர்ந்த அவ்வகை இயந்திரங்களில் ஒவ்வொரு விலாசமும் தனித்தனி உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டது. தகட்டின் மேல் சிறு அடையாளங்களைச் செருகிவைத்தால், இயந்திரம் அவ்வடையாளமுள்ளவற்றை மட்டும் அச்சிட்டு மற்றவற்றைத் தாண்டிச் செல்லும். சந்தா தீர்ந்தவரை விட்டு மற்றவர்க்கு மட்டும் பத்திரிகை அனுப்பும் அலுவலகத்துக்கு இது எத்துணை உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1935-இல் ஸ்டான்டன் ஏவரி என்பவர் தானே ஒட்டும் சீட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பசைக் கிண்ணத்துக்கும் வேலை குறைந்தது.

இன்று கணினியில் நாம் செய்வது இந்தப் பழைய வேலைகளின் கூட்டே. படிவத்தில் பெயரும் விலாசமும் தனித்தனிக் கட்டங்களில் நிரப்பப்படுகின்றன. அச்சிட வேண்டியவை குறியிட்டுத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஏ-4 தாளின் அளவு 210-க்கு 297 மில்லிமீட்டர். 70-க்கு 37 மில்லிமீட்டர் அளவுள்ள சீட்டுகள் மூன்று வரிசையாக, வரிசைக்கு எட்டாக, 24 அடங்கும். முன்னரே ஐந்தைப் பயன்படுத்திய தாளை மீண்டும் இயந்திரத்தில் இட்டால், ஆறாவது கட்டத்திலிருந்து தொடங்குமாறு ஆணையிட வேண்டும். இல்லையேல் விலாசங்கள் சீட்டு நீங்கிய வெறும் அடித்தாளில் பதியும்.

கட்டங்களை வகுப்பவர் யாரென்பதில்தான் உண்மையான சிக்கல் உளது. அரசுப் படிவங்களை மொழிபெயர்ப்போர் இதனை நன்கறிவர். 'முதற் பெயர்', 'கடைசிப் பெயர்' என்ற இரு கட்டங்கள் மேனாட்டு வழக்கிற்குப் பொருந்துவன. தெலுங்கர் வீட்டுப் பெயரை முன்னே வைப்பர்; தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே இடுவர். இரு மொழியினரும் கலந்து வாழும் சித்தூர்ச் சீமையில் ஒருவருடைய பெயர், படிவத்துக்குப் படிவம் முன்பின்னாக மாறி, வங்கியில் ஒருவராகவும் ஓய்வூதியக் கோப்பில் மற்றொருவராகவும் தோன்ற நேர்கிறது. சொல்லை மொழிபெயர்ப்பதால் மட்டும் இக்குறை நீங்காது; கட்டத்தையே மாற்ற வேண்டும்.

ஊர் நிலையாக இருப்பினும், சீட்டில் அதன் கீழே எழுதும் வரி நிலைப்பதில்லை. சித்தூர் ஜில்லா 1911-இல் உருவாயிற்று. அதற்கு முன் சித்தூர் வட ஆற்காட்டைச் சேர்ந்தது. 1953-இல் சென்னை ராஜ்யத்திலிருந்து பிரிந்த ஆந்திர ராஜ்யத்துடன் அது சென்றது. 1956-இல் ஆந்திரப் பிரதேசம் அமைந்தது. திருத்தணி 1960-இல் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. திருப்பதி 2022-இல் தனி மாவட்டமாயிற்று. கங்காதர நெல்லூரோ சித்தூர் மாவட்டத்திலேயே நிற்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முன்பே அச்சிட்ட படிவங்களின் தலைப்பு பழையதாயிற்று.

இக்குழப்பத்துக்கு 1972 ஆகஸ்டு 15-இல் ஒரு மாற்று வந்தது. சமஸ்கிருத அறிஞரும் தபால் துறை உயர் அதிகாரியுமான ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர் வகுத்த ஆறிலக்கக் குறியீட்டெண்ணே அது. முதலிலக்கம் மண்டலத்தையும், முதல் மூன்றிலக்கங்கள் கடிதம் பிரிக்கும் வட்டாரத்தையும், எஞ்சிய மூன்றும் வினியோகத் தபால் நிலையத்தையும் சுட்டும். கங்காதர நெல்லூர் 517 என்றும், பென்னாற்றங்கரை நெல்லூர் 524 என்றும் தொடங்கும். மாவட்டம் பிரிந்த பின்னரும் திருப்பதி நகரின் எண் 517 என்றே தொடங்குகிறது. மொழி தெரியாதவரும் எண்ணைப் படிக்கலாம்.

ஆயினும் எண் ஊரைத்தான் காட்டும்; மனிதரைக் காட்டுவது பெயரே. முதியவர் ஒருவருக்கு வரவேண்டிய ஓய்வூதிய ஆணை, பெயரின் முன்பின் மாறியதால் திரும்பிச் சென்றால், அவருக்கு அது அச்சுப்பிழை அன்று. ஒரு மாத அரிசி. 1454-இல் வெற்றிடத்தில் பெயரெழுதிய எழுத்தர், எதிரே நின்றவரிடம் பெயரைக் கேட்டு எழுதியிருக்கக் கூடும். இன்று கட்டம் வகுப்போரும், மக்கள் தம் பெயரை எவ்வாறு சொல்கின்றனர் என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நலம்.