சுயநிர்ணயம்

யாழ்ப்பாணத்துச் சந்தையில் 'விலை நிர்ணயம்' என்றால் எவருக்கும் விளங்கும். முன்னால் 'சுய' வந்து ஒட்டியதும் சொல் மேடையேறிவிட்டது. இரண்டு பாதியும் வடமொழி. நியாய தரிசனத்தின் பதினாறு பதார்த்தங்களில் நிர்ணயமும் ஒன்று: ஐயம் எழுந்து, இரு பக்கமும் ஆராய்ந்து அடையும் துணிபு. ஆத்திரத்தில் எடுத்த முடிவை நிர்ணயம் என்பது சொல்லுக்கே இழுக்கு.

1976 மே 14 இல் பண்ணாகத்தில் நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் தமிழர்களின் சுயநிர்ணய உரிமையை எடுத்துச் சொன்னது. 1985 இல் திம்புப் பேச்சுவார்த்தையில் தமிழர் தரப்பு வைத்த நான்கு கோட்பாடுகளில் மூன்றாவதும் இதுவே. 'தன்னாட்சி' என்று சிலர் மாற்றி எழுதுவார்கள், சரியில்லை. தன்னாட்சி எட்டக்கூடிய முடிவுகளில் ஒன்று. சுயநிர்ணயம் முடிவெடுக்கும் உரிமை.

ஐ.நா. 2007 இல் ஏற்ற ஆதிக்குடிகளின் உரிமைப் பிரகடனம், மூன்றாம் உறுப்புரையில் இதே உரிமையை அவர்களுக்கும் சொல்கிறது. இலங்கையும் ஆதரித்தே வாக்களித்தது. ஆனால் அதற்கு முன்பே, 1983 இல், இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர்களின் வேட்டைக்காடு மாதுறு ஓயா தேசியப் பூங்காவுக்குள் போய்விட்டது. காட்டைவிட்டுப் பெயர மறுத்தவர்களில் தம்பானைத் தலைவர் திசாஹாமியும் ஒருவர்.