எட்டுக்காலியின் முகவரி

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஏறி இறங்கியவர்கள் பார்த்திருக்கலாம். வெட்டிவிட்ட மண்திட்டில் பெருவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பொத்து. வாயைச் சுற்றி வெள்ளையாய் நூல் படிந்திருக்கும். "அதுல கையப் போடாத மக்கா, எட்டுக்காலி கெடக்கும்" என்பாள் பாட்டி. நாங்கள் கையைப் போடவில்லை, மண்ணெண்ணெய் ஊற்றினோம்.

உள்ளே இருந்தது என்ன என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். இது வலை கட்டிக் காத்திருக்கும் ரகமில்லை. குழியின் சுவருக்குப் பட்டு நூலால் உறை போட்டு, இரவில் வாசலில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும். கண்கள் எட்டு இருந்தும் பார்வை மங்கல். காலின் மயிர்கள்தான் செவி மாதிரி. வண்டு நடக்கும் அதிர்வு வந்ததும் பாயும். வீட்டுச் சிலந்தியின் பற்கள் இடுக்கி போல எதிரெதிராக மூடும்; இதற்கோ இரண்டும் இணையாகக் கீழ்நோக்கி இறங்கும். அதனால் உடம்பின் முன்பகுதியைத் தூக்கி, இரையைத் தரையோடு அழுத்திக் குத்த வேண்டும். மூச்சுக்கு இரண்டு ஜோடி புத்தக நுரையீரல்கள். பரிணாமத்தில் மிகப் பழைய கிளை.

நம் பக்கத்துச் சிலந்திகள் ஏட்டில் ஏறிய கதை தனி. ஃபாப்ர் என்ற பாதிரியார் ராமநாதபுரத்தில் சேகரித்தவற்றைப் பற்றி 1885ல் பிரான்ஸின் யூஜின் சிமோன் எழுதினார். 1900ல் லண்டனில் போகாக் பிரிட்டிஷ் இந்தியாவின் சிலந்திகளுக்கு ஒரு பெரும் நூலே போட்டார். நாஞ்சில்நாடு சேர்ந்திருந்த திருவிதாங்கூரின் சிலந்திகளும் அதில் உண்டு. 1915ல் கிரேவ்லி இந்தியாவின் பொத்துச் சிலந்திக் கூட்டத்தைப் பற்றித் தனியாக எழுதினார். பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர் அவர். இவர்கள் இல்லையென்றால் இவற்றுக்குப் பெயரே கிடையாது. ஆனால் பெயர் வைக்கக் கையில் இருந்தவை பெரும்பாலும் சாராயப் புட்டியில் வந்த உடல்கள். பல்லை அளக்கலாம், கண்ணை எண்ணலாம். ஒரு குழியில் அது எத்தனை மழைக்காலம் கண்டது என்பதைப் புட்டி சொல்லாது.

அதைச் சொன்னவர் ஆஸ்திரேலியாவின் பார்பரா யார்க் மெய்ன். 1974ல் அவர் பொத்துகளைத் தோண்டாமல், பக்கத்தில் அடையாளம் மட்டும் நட்டு, வருடாவருடம் போய்ப் பார்க்கத் தொடங்கினார். 16ஆம் எண் சிலந்தி அதே குழியில் 43 வருடம் வாழ்ந்தது. 2016ல் பொத்தின் மூடி துளைபட்டிருந்தது. குளவியின் வேலை என்றார்கள்.

வயதுக்கு வந்த ஆண் துணை தேடி வெளியே அலையும். பெண்ணுக்கு அந்தக் குழிதான் ஆயுள் முழுக்க முகவரி. இன்று ஜேசிபி ஒரு மண்திட்டை வழிக்கப் பத்து நிமிஷம் போதும். எங்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை, அரை டம்ளர் மண்ணெண்ணெய் போதுமாக இருந்தது. அன்று அந்தப் பொத்துக்கு என்ன வயது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு வயது ஒன்பது.