தோண்டும் முன் அறிதல்: புவி இயற்பியல் அளவாய்வின் வரலாறும் துடியலூர் வட்டாரமும்

கொங்கு நாட்டில் போர் போடும் முன் நீரோட்டம் பார்ப்பது வழக்கம். நான்கு கம்பிகளை ஒரே வரிசையில் மண்ணில் அடித்து, வெளிக்கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உட்கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். நீர் நிறைந்த வெடிப்புப் பாறை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், கெட்டிப்பாறை தடுக்கும். கம்பிகளின் இடைவெளியை ஒரு மீட்டர் அளவுக்குக் குறைத்தால், இதே மின்தடை முறை மேல்மண்ணுக்கடியில் புதைந்த சுவரையும் கற்பதுக்கையையும் காட்டும். இம்முறை தொல்லியலுக்குள் வந்த வரலாற்றையும், மேலைநாட்டில் கட்டுமானத்துக்கு முந்தைய கடமையாக அது வளர்ந்த விதத்தையும், துடியலூர் வட்டாரத்துக்கு அக்கடமை ஏன் வேண்டும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சரளைக் குழியும் சாலையும்

இங்கிலாந்தில், தேம்ஸ் கரையிலுள்ள டார்செஸ்டரில் சரளை தோண்டும் பணி பழைய அகழிகளை விழுங்கிக்கொண்டிருந்தது. 1946இல் ரிச்சர்ட் அட்கின்சன் அங்கே மின்தடை அளவாய்வை மேற்கொண்டார். தூர்ந்த அகழியின் மண் ஈரம் காக்கும். சுற்றியுள்ள சரளை காக்காது. அந்த வேறுபாடே தடயமாயிற்று.

1958இல் வாட்டர் நியூட்டன் அருகே நெடுஞ்சாலைப் பணி தொடங்கவிருந்த நிலத்தில், ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த மார்ட்டின் எய்ட்கன் புரோட்டான் காந்தமானியைக் கொண்டு ரோமானியர் காலப் பானைச் சூளைகளைக் கண்டறிந்தார். சுட்ட களிமண் ஆறும்போது, அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய புவிகாந்தத் திசையைப் பதித்துக்கொள்கின்றன. நூற்றாண்டுகள் கடந்தும் அந்தப் பதிவு அழிவதில்லை.

இவ்விரு முயற்சிகளுமே, நிலம் கைவிட்டுப் போகும் அவசரத்தில் பிறந்தவை. அந்த அவசரம் 1990இல் விதியாயிற்று. இங்கிலாந்து அரசு வெளியிட்ட பிபிஜி 16 என்ற திட்டமிடல் வழிகாட்டி, கட்டுமான அனுமதி குறித்து முடிவெடுக்கும் முன்பே நிலத்தின் தொல்லியல் மதிப்பை அறிய வேண்டும் என்றது. அதற்கான செலவு பெரும்பாலும் கட்டுவோரின் பொறுப்பாயிற்று.

இந்தியச் சட்டத்தின் வழி

நம் சட்டங்கள் வேறு வழியில் வளர்ந்தன. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், கண்டெடுத்த பின் ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் அறிவிக்கப்பட்ட சின்னங்களைக் காக்கின்றன. 2010ஆம் ஆண்டின் திருத்தம் மத்தியப் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப்பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாகவும் வகுத்தது. இவையெல்லாம் அறிந்ததைக் காக்கும் ஏற்பாடுகள். இன்னும் அறியாததைத் தேடும் பொறுப்பை இவை மனை போடுபவர் மீதோ மண் எடுப்பவர் மீதோ சுமத்தவில்லை.

தொழில்நுட்பம் நம்மிடம் இருக்கிறது. கீழடியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் நடத்திய ஐந்தாம் கட்ட அகழாய்வை ஒட்டி, மும்பையின் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் போன்றவற்றின் துணையுடன் காந்தமானி, தரையூடுருவும் ரேடார் ஆய்வுகள் செய்யப்பட்டன. ஆனால் அங்கே அளவாய்வு அகழாய்வுக்கு வழிகாட்டியது. கட்டுமானத்துக்கு முந்தைய நிபந்தனையாக வரவில்லை.

கொங்கு மண்ணில் எது பொருந்தும்?

நொய்யல் கரையில் மனித வாழ்வின் தடயங்கள் நெடுக உள்ளன. வெள்ளலூரில் 1840களில் 522 ரோமானிய வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. பேரூரிலும் போளுவாம்பட்டியிலும் அகழாய்வுகள் நடந்துள்ளன. கொடுமணலில் 1985 முதல் பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகள் இரும்பு, எஃகு உருக்கிய உலைகளையும் கல்மணித் தொழிலையும் பெருங்கற்கால ஈமக்காட்டையும் வெளிப்படுத்தின.

உலையென்றால் காந்தமானி முதலில் வர வேண்டும். தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிக் காந்த நடுக்கோடு செல்வதால், இங்கே புவிகாந்தம் ஏறக்குறைய கிடையாக இருக்கிறது. இங்கிலாந்தில் மேடாகத் தெரியும் குறி இங்கே பள்ளமாகத் தெரியக்கூடும். படத்தைப் படிப்பவருக்கு இந்தத் தெளிவு வேண்டும். உழவுக்காகக் கல்வட்டத்தின் மேற்கற்களை அகற்றிய காட்டில், அடியில் நிற்கும் பலகைக்கற்களை மின்தடை முறை காட்டும். ரேடார் செம்மண்ணிலும் சரளையிலும் ஓரளவு பயன் தரும். ஈரமான கரிசல் மண் அதன் அலைகளை உறிஞ்சிவிடும். மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் தாழி எந்தக் கருவிக்கும் எளிதில் சிக்காது. ஆகவே படம் வெறுமையாக இருந்தாலும் சோதனைக் குழி கட்டாயம்.

துடியலூர்

2011இல் கோவை மாநகராட்சியோடு இணைந்த துடியலூரைச் சுற்றி, மேட்டுப்பாளையம் சாலையின் இருபுறமும் காடுகள் மனைகளாகிவிட்டன. மேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல்லுக்காகச் செம்மண் பல அடி ஆழத்துக்கு வெட்டியெடுக்கப்பட்டது. அங்கே உரிமமின்றி இயங்கிய 186 சூளைகள் 2021இல் மூடப்பட்டன. நீருக்கும் யானைகளின் வழித்தடத்துக்கும் நேர்ந்த கேடு பேசப்பட்டது; அது பேசப்பட வேண்டியதே. ஆனால் மண்ணோடு அதன் அடுக்குகளும் போயின. அந்த அடுக்குகளில் என்ன இருந்தது என்ற கேள்வியை இனி எந்தக் கருவியைக் கொண்டும் கேட்க முடியாது. எஞ்சிய நிலத்திலும் சிதறிக்கிடக்கும் இக்காலச் செங்கல் துண்டுகள் காந்தமானியைக் குழப்பும். அங்கே மின்தடை முறையையே முதலில் கையாள வேண்டும்.

முடிவு

அட்கின்சனிடமிருந்து பிபிஜி 16 வரை இங்கிலாந்துக்கு 44 ஆண்டுகள் ஆயின. நமக்கு அத்தனை காலம் தேவையில்லை. கருவியும் முறையும் நிறுவனங்களும் கைவசம் உள்ளன. நகர் ஊரமைப்பு இயக்ககம் பெரிய மனைப்பிரிவுகளுக்குத் தரும் ஒப்புதலிலும், கனிமவளத் துறையின் மண் எடுக்கும் அனுமதியிலும், மாநிலத் தொல்லியல் துறையின் அளவாய்வு அறிக்கையை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். நொய்யல் படுகையிலிருந்தும் தடாகம் பள்ளத்தாக்கிலிருந்தும் அதைத் தொடங்கலாம். செலவை அனுமதி கேட்பவர் ஏற்க வேண்டும். அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.