பிரியாதிருந்த பேரியம்

பிரித்தெடுத்தல் முறைகள் பொருள்களைத் தூய்மையாகப் பெறும் உபாயங்களாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. பிரியவேண்டிய பொருளொன்று பிரியாதொழிந்தால் அத்தோல்வியை எவ்வாறு பொருள்கொள்வது? 1938 டிசெம்பரில் பேர்லின் நகரில் ஒட்டோ ஹானும் பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் எதிர்கொண்ட வினா இதுவே.

யுரேனியத்தை நியூத்திரன்களால் தாக்கும்போது அதனினும் பாரமான புதிய மூலகங்கள் தோன்றுகின்றன என்ற கருத்து, 1934 இல் என்றிக்கோ பேர்மியின் ஆய்வுகளையொட்டி எழுந்து நிலைபெற்றிருந்தது. கரு பல துண்டுகளாக உடைந்திருத்தலுங் கூடுமென அவ்வாண்டிலேயே இடா நொடாக் எழுதினார். எனினும் அவர் சோதனைச் சான்று காட்டவில்லை, பிறரும் செவிசாய்த்தாரல்லர்.

ஹானும் ஸ்ட்ராஸ்மனும் கண்ட விளைபொருள்களுட் சில, காவியாகச் சேர்க்கப்பட்ட பேரியத்துடன் கூடியே வீழ்படிவாயின. ஆகவே அவை பேரியமாதல் வேண்டும், அன்றேல் அதே கூட்டத்தைச் சார்ந்த இரேடியமாதல் வேண்டும். அணுவெண் 92 உடைய யுரேனியத்திலிருந்து 56 உடைய பேரியம் தோன்றுமென எவரும் எண்ணத் துணியாமையால், 88 உடைய இரேடியமே எனக் கொள்ளப்பட்டது. பின்னர் அதனைப் பேரியத்தினின்றும் பிரிக்கப் பகுதிபடப் பளிங்காக்கல் முறையைக் கையாண்டனர். பேரியம் புரோமைட்டுக் கரைசலிலிருந்து முதலில் உருவாகும் பளிங்குகளில் இரேடியம் செறியும். மேரி கியூரியின் காலந்தொட்டு அறியப்பட்ட முறை இது. ஆனால், கதிர்த்தொழிற்பாடு எப்பகுதியிலும் செறியாது, பேரியத்துடன் சமமாகவே பரவிக் கிடந்தது.

முறையே பிழையோ? மிகச் சிறிய அளவுகளில் இரேடியம் வேறுவிதமாக நடக்கின்றதோ? இவ்வையத்தை அவர்கள் வாதத்தால் அன்றிச் சோதனையாலேயே தீர்த்தமை போற்றற்பாலது. மெசோதோரியம் எனப்படும் இயற்கை இரேடியச் சமதானியை அதேயளவு நலிந்த செறிவிற் பளிங்காக்கினர். அது வழமைபோற் செறிந்தது. இரண்டையும் ஒரே கரைசலிற் கலந்தும் பார்த்தனர். இயற்கை இரேடியம் பளிங்குகளை நாடிற்று. மற்றையது பேரியத்தை விட்டகலவில்லை. அது பேரியமே என்பதன்றி வேறு முடிவுக்கு இடமில்லை.

இருந்தும், 1939 சனவரி 6 இல் வெளியான அவர்களது கட்டுரை தயக்கத்துடனேயே பேசிற்று. இரசாயனம் பேரியம் என்றது. அன்றைய கருப் பௌதிகமோ அதனை ஏற்கவில்லை. நாற்சி ஆட்சியினால் 1938 யூலையில் ஜேர்மனியை விட்டு வெளியேறிச் சுவீடனில் தங்கியிருந்த லீசே மைட்னருக்கு ஹான் இப்பெறுபேற்றைக் கடிதமூலம் முன்னரே அறிவித்திருந்தார். மைட்னரும் அவர்தம் மருகர் ஒட்டோ பிரிஷும் யுரேனியக் கரு இரண்டாகப் பிளவுறுகின்றது என விளக்கி, ஒவ்வொரு பிளவிலும் ஏறத்தாழ 200 மில்லியன் இலத்திரன் வோல்ற்றுச் சக்தி வெளிப்படுமெனவும் கணித்தனர்.

1944 ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெல் பரிசு ஹான் ஒருவருக்கே வழங்கப்பட்டது. பளிங்குகளைப் படிப்படியாகப் பிரித்த ஸ்ட்ராஸ்மனுக்கோ, பிரியாமையின் பொருளை உரைத்த மைட்னருக்கோ அதிற் பங்கு கிட்டவில்லை.