ரெண்டு தப்பு, ஒரு சரி

ரசத்துல நெய் விட்டா பொட்டுப் பொட்டா மேலே மிதக்குமே, பாத்திருப்பீங்க. கொழுப்புக்கும் தண்ணிக்கும் ஆகாது. ஆனா நம்ம செல்லுக்கு உள்ளேயும் தண்ணி, வெளியேயும் தண்ணி. நடுவுல சுவரா நிக்கிறது கொழுப்புதான்! எப்படி?

1925. நெதர்லாந்தின் லைடன் நகரம். குழந்தை மருத்துவர் கோர்ட்டரும், கூட இருந்த கிரெண்டலும் ரத்தச் சிவப்பணுக்களை எடுத்துக்கொண்டார்கள். மனுஷனோட சிவப்பணுவுக்குள்ள உட்கரு கிடையாது, வேற சவ்வும் கிடையாது. அதனால கிடைக்கிற கொழுப்பெல்லாம் வெளிச்சுவரோடதுதான். அதை அசிட்டோனில் பிரித்து, தண்ணீர் மேல் ஒரே மூலக்கூறு தடிமனில் பரப்பி அளந்தார்கள். செல்களின் மேற்பரப்பைப் போல ரெண்டு மடங்கு வந்தது.

அப்படின்னா சுவர் ரெண்டு அடுக்கு! பாஸ்போலிப்பிடுக்குத் தண்ணியை விரும்பும் ஒரு தலை, வெறுக்கும் ரெண்டு வால். வால்கள் நடுவில் ஒளிஞ்சுக்கும், தலைகள் இருபக்கமும் தண்ணியைத் தொடும்.

வேடிக்கை இனிமேதான். அசிட்டோன் மொத்தக் கொழுப்பையும் எடுக்கவில்லை. காய்ந்த செல்லை அளந்ததால் மேற்பரப்பும் குறைஞ்சுபோச்சு. ரெண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன! 1966ல் சோதனையைத் திரும்பச் செய்தவர்கள் இதைக் காட்டினார்கள். ஆனா அதுக்குள்ள, 1950களின் கடைசியிலேயே, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் செல் சவ்வு ரெண்டு கறுப்புக் கோடாத் தெரிஞ்சிடுச்சு. ரெட்டை அடுக்கு நிலைச்சது.

கணக்குப் பரீட்சையில வழி தப்பு, விடை சரின்னா வாத்தியார் மார்க் போட மாட்டார். கோர்ட்டருக்கு நான் போட்டுடுவேன். நீங்க? :-)